கழுத்துத் தோல் இறுக்குற ஆபரேஷன்: 45 நாள்ல கல்யாண மேடை ஏற முடியுமா?

சம்பங்கி_திருச்சி:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 57 வயசு. மூணு வருஷத்துல 96 கிலோவுலேர்ந்து 68க்கு வந்திருக்கேன். சர்க்கரை இல்ல. பி.பி. உண்டு, மாத்திரைல அடங்கியிருக்கு. உடம்பு இளைச்சதுல சந்தோஷம்தான், ஆனா கழுத்து மட்டும் என்னோட சேர்ந்து இளைக்கல. தாடைக்குக் கீழ தோல் மடிஞ்சு தொங்குது. என் மக வயித்துப் பேத்தி, ரெண்டரை வயசு, கன்னுக்குட்டியோட அலைதாடியைத் தடவுற மாதிரி இதைப் பிடிச்சு ஆட்டிக்கிட்டேதான் தூங்குவா. அவ ஒருத்திக்குத்தான் இது பிடிச்சிருக்கு.

பிப்ரவரி 1 பையனுக்குக் கல்யாணம். டிசம்பர் 18 ஆபரேஷன் வச்சுக்கலாம்னு டாக்டர் சொல்றார். தாடைக்கு அடியில ஒரு வெட்டு, ரெண்டு காதுக்கும் பின்னாடி வெட்டு, உள்ள தளர்ந்த தசையை இழுத்துத் தைப்பாங்களாம். ஒரு ராத்திரி ஆஸ்பத்திரி. "ரெண்டு வாரத்துல வேலைக்கே போகலாம்"ங்கிறார். மார்கழில விசேஷம் எதுவும் இருக்காது, வீட்டுக்குள்ளயே இருந்துடலாம்னு நானும் கணக்குப் போட்டேன். நடுவுல சரியா 45 நாள்.

ஆனா மாப்பிள்ளையோட அம்மா நான். அட்டிகை போடணும், ஜிமிக்கிக்கு மாட்டல் போடணும். வீட்டுக்காரரையும் மகளையும் தவிர யாருக்கும் தெரியாது. செஞ்சுக்கிட்டவங்க யாராவது இருந்தா நிஜமா எத்தனை நாள் ஆச்சுன்னு சொல்லுங்களேன்.

---

கணக்கு_டீச்சர்:

அக்கா, நான் செஞ்சுக்கிட்டு ரெண்டு வருஷம் ஆச்சு. அப்ப எனக்கு 54. ஸ்கூல் லீவைப் பார்த்து ஏப்ரல் கடைசில படுத்தேன். ரெண்டு வாரம்னு டாக்டர் சொன்னது பொய்யில்ல. நாற்காலில உட்கார்ந்து கையெழுத்துப் போடுற வேலைக்கு அது போதும். உங்களுக்கு இருக்கிறது கல்யாண வேலை.

எனக்கு நடந்ததைச் சொல்றேன். மூணு மணி நேரம் ஆபரேஷன். கண்ணு முழிச்சப்ப காதுக்குப் பின்னாடி ரெண்டு பக்கமும் மெல்லிசா ட்யூப், நுனியில ரத்தம் வடியிற குப்பி. அதை மறுநாளே எடுத்துட்டாங்க. வலி நான் பயந்த அளவுக்கு இல்ல. பயமுறுத்தினது இறுக்கம்தான். யாரோ சட்டைக் காலர் பட்டனை இழுத்துப் போட்டுவிட்டுட்டு, கழட்டாமப் போயிட்ட மாதிரி. எச்சில் முழுங்கும்போதெல்லாம் அது தெரியும். அந்தக் காலர் முழுசா அவிழ மூணு மாசம் ஆச்சு. இதை முன்கூட்டியே யாரும் எங்கிட்ட சொல்லல, அதனாலதான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

தாடையிலேர்ந்து உச்சந்தலை வரைக்கும் எலாஸ்டிக் பட்டை போட்டுவிடுவாங்க. முதல் வாரம் ராத்திரி பகல் கழட்டக்கூடாது, அப்புறம் ஒரு மாசம் ராத்திரி மட்டும். என் மாமியார் வாசல்லயே நின்னுட்டாங்க. "வெள்ளிக்கிழமையும் அதுவுமா நாடிக்கட்டு கட்டிக்கிட்டு வர்றியே"ன்னு. மே மாச வேர்வையில அந்தப் பட்டைக்குள்ள அரிச்ச அரிப்பை இப்ப நினைச்சாலும் கை தானா காதுக்குப் போகுது. அந்த வகையில மார்கழி நல்ல மாசம்தான்.

வீக்கம் மூணாம் நாள்தான் உச்சம். அன்னிக்குக் கண்ணாடி பார்க்காதீங்க. கழுத்து பூரா நாவப்பழம் நசுக்கின நிறம். அந்த நிறம் அங்கேயே மறையாது, கீழ இறங்கும். ஒரு வாரத்துல ஜாக்கெட் கழுத்துக்குக் கீழ மஞ்சளா வந்து நின்னுச்சு. புவியீர்ப்பு, வேற ஒண்ணுமில்ல. பதினாலாம் நாள் பவுடர் போட்டா தெரியாத அளவுக்கு ஆயிடுச்சு.

பத்து நாள் சாய்வு நாற்காலிலதான் தூக்கம். தலை உயரமா இருக்கணும், ஆனா தாடை நெஞ்சுல இடிக்கக்கூடாது, அதனால தலையணையை அடுக்கி வச்சா சரிப்படல. யாராவது கூப்பிட்டா கழுத்தைத் திருப்பக்கூடாது, தோளோட சேர்த்து உடம்பைத் திருப்பணும், பல்லக்கு திரும்புற மாதிரி. சாப்பாடு குழைஞ்ச ரசம் சாதம், சாம்பார்ல ஊறின இட்லி. முதல் வாரம் கொட்டாவியைக் கூட பாதியில நிறுத்தினேன். சுடிதார் டாப்ஸ் தலை வழியா மாட்ட முடியாது. முன்னாடி ஜிப் வச்ச நைட்டி நாலு வாங்கி வச்சுக்குங்க. சேலை கட்டுறவங்களுக்கு இதுல ஒரு சௌகரியம், முன்பக்கக் கொக்கி ஜாக்கெட்டுக்கு எந்தத் தொந்தரவும் இல்ல.

தாடைக்கு அடியில தையல் ஆறாம் நாள் பிரிச்சாங்க, காதுக்குப் பின்னாடி பத்தாம் நாள். தலைக்குக் குளிக்க அஞ்சாம் நாள் விட்டாங்க, குழந்தை ஷாம்பு மட்டும். சீயக்காய் ஒன்றரை மாசம் கழிச்சு.

இப்ப உங்க மாட்டலுக்கு வர்றேன். காதுமடலும் அதைச் சுத்தி இருக்கிற இடமும் மரத்துப் போயிடும். எனக்கு உணர்ச்சி திரும்ப அஞ்சு மாசம் ஆச்சு. மூணாவது வாரம் ஹேர் டிரையர் போட்டு முடியைக் காய வச்சேன். சூடே தெரியல. சாயந்திரம் மகதான் பார்த்துட்டு, "அம்மா, காதுக்குப் பின்னாடி கொப்புளம்"னா. டாக்டர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன். எட்டாவது வாரம் ஒரு காதுகுத்துக்குப் போறப்ப தோடு போட்டேன். திருகு இறுகிச்சா இல்லையான்னு காது சொல்லவே இல்ல. சாப்பாட்டுப் பந்தியிலயோ ஆட்டோவிலயோ ஒத்தைத் தோடு போயே போச்சு. அம்மா போட்ட கல் தோடு. மாட்டல் சங்கிலி ஓடுற பாதை இருக்கே, காதுக்குப் பின்னாடி மேல ஏறிப் போறது, அதேதான் தழும்பும் இருக்கிற பாதை. ஆறரை வாரத்துல அங்க தங்கத்தை உரச விடாதீங்க.

45 நாள்ல ஃபோட்டோவுக்கு நல்லாத்தான் இருப்பீங்க, அதுல எனக்குச் சந்தேகமில்ல. ஏழாவது வாரம் நான் ஸ்கூலுக்குப் போனப்ப, "மேடம், தைராய்டு சரியாயிடுச்சா?"ன்னு ஒருத்தர் கேட்டதோட சரி. ஆனா பத்திரிகை வைக்கப் போற வீடெல்லாம் குனிஞ்சு நமஸ்காரம் பண்ணணும், ரெண்டு மூணு வாரத்துக்குக் குனியவே கூடாது. மார்கழிக் கோலம் கிடையாது. ஜவுளிப் பையைத் தூக்கக்கூடாது, ஒரு மாசத்துக்காவது. கல்யாணத்துக்கு முந்தின மூணு வாரம் பி.பி. ஏறாம, தூக்கம் கெடாம இருந்த மாப்பிள்ளை அம்மா யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? ஒரு தையல் ஆறத் தாமதமானாலும் தள்ளிப்போட நாள் இல்ல. எனக்கு அஞ்சாவது வாரம் தாடைக்கு அடியில புளியங்கொட்டை மாதிரி ஒரு கெட்டி இருந்துச்சு. தடவித் தடவி மூணாம் மாசம்தான் கரைஞ்சது.

நானா இருந்தா தீபாவளி முடிஞ்ச கையோட செய்வேன், இல்லன்னா கல்யாணம் முடிஞ்சு பங்குனில.

---

வார்டு_சிஸ்டர்:

டீச்சர் எல்லாம் சொல்லிட்டாங்க. பி.பி.ன்னு எழுதினதுனால நான் வர்றேன்.

இந்த ஆபரேஷன்ல நாங்க ராத்திரி முழிச்சு உட்கார்ந்து பார்க்கிறது ஒண்ணே ஒண்ணுதான், தோலுக்கு அடியில ரத்தம் கட்டுதான்னு. முதல் 24 மணி நேரத்துலதான் பெரும்பாலும் வரும். பி.பி. ஏறினா ஆபத்து கூடும். வாந்தி, இருமல், மலச்சிக்கல்ல முக்குறது எல்லாமே பி.பி.யை ஏத்தும். ஒரு பக்கம் மட்டும் திடீர்னு வீங்கி, வலி ஏறிக்கிட்டே போனா, இல்ல மூச்சு முட்டினா, வாட்ஸ்அப்ல ஃபோட்டோ அனுப்பிட்டுக் காத்திருக்காதீங்க. நேரா ஆஸ்பத்திரிக்கு வாங்க.

பி.பி. மாத்திரையோட ஆஸ்பிரினும் சாப்பிடுறீங்களா? சாப்பிட்டா நீங்களா நிறுத்தாதீங்க, நீங்களா தொடரவும் செய்யாதீங்க. எழுதிக் கொடுத்த டாக்டரும் ஆபரேஷன் டாக்டரும் பேசி முடிவு பண்ணட்டும். மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, பூண்டு மாத்திரை இதெல்லாம் மருந்தே இல்லன்னு சொல்லாம விட்டுடுவாங்க. அதுங்களும் ரத்தக்கசிவைக் கூட்டலாம், எல்லாத்தையும் சொல்லுங்க.

காது குத்தின இடத்துலயோ அம்மை ஊசி போட்ட இடத்துலயோ தழும்பு தடிச்சு வளர்ந்திருக்கா? நம்ம நிறத்துக்காரங்களுக்கு இது அதிகம். இருந்தா முதல் சந்திப்புலயே காட்டிடுங்க. தையல் மேல மஞ்சள், தேங்காய் எண்ணெய், சித்தி சொன்ன பச்சிலை எதுவும் வேண்டாம். தழும்பு சிவந்து, அப்புறம் வெளுத்து அடங்க ஆறு மாசத்துலேர்ந்து ஒரு வருஷம் ஆகும்.

சிரிச்சா கீழ் உதடு ஒரு பக்கம் கோணினா பயந்துடாதீங்க. நரம்பு சோர்ந்திருக்கும், பெரும்பாலும் சில வாரத்துலயோ மாசத்துலயோ சரியாகும். ஆனா டாக்டர்கிட்ட காட்டுங்க.

டாக்டர் பிளாஸ்டிக் சர்ஜரில எம்.சி.எச். அல்லது டி.என்.பி. படிச்சவரான்னு பாருங்க. அழகு நிலையத்தோட ஒட்டின கிளினிக்குன்னா இன்னும் ரெண்டு தடவை பாருங்க. அழகுக்காகச் செய்யிறதுக்கு இன்சூரன்ஸ் வராது. டாக்டர் சொல்ற தொகை ஜி.எஸ்.டி. சேர்த்தா சேர்க்காமலான்னு முதல்லயே கேட்டுடுங்க.

---

பொடிநடை_கோவை:

ஏனுங்க, ஆம்பளைங்களும் செஞ்சுக்கறாங்கன்னு ஒரு பதிவுக்காக எழுதறேன். வயசு 61. டீச்சரம்மா சொன்ன காலர் எனக்கு ரெண்டு மாசத்துல விட்டுப்போச்சுங்க. கார் ஓட்ட மூணு வாரம் ஆச்சு, பின்னாடி திரும்பிப் பார்க்க முடியாம எப்படி ரிவர்ஸ் எடுக்கறது? பொடிநடை நாலாம் நாளே ஆரம்பிச்சேன், வேக நடை ஆறாவது வாரம். சிகரெட்டை ஒரு மாசம் முன்னாடியே நிறுத்தச் சொன்னாங்க, தோலுக்கு ரத்தம் போகாம கருகிப் போயிருமாமா. அந்த ஒரு சொல்லுக்கு 30 வருசப் பழக்கம் போச்சு.

ஒண்ணு மட்டும் யாரும் சொல்லலீங்க. தாடித் தோலை இழுத்துப் பின்னாடி தச்சுட்டாங்களா, இப்போ காதுக்குப் பின்னாடி எனக்குத் தாடி முளைக்குது. தினமும் காலையில காதை மடக்கிப் பிடிச்சுட்டு அங்கயும் ஷேவ் பண்றேன். அம்மணிங்களுக்கு அந்தக் கவலை இல்லீங்க.

---

சும்மா_ஒரு_ஆள்:

வயசானா தொங்கத்தான் செய்யும். இதுக்குப் போய் கத்தி வைக்கணுமா?

---

கணக்கு_டீச்சர்:

பல் கட்டுறீங்க, டை அடிக்கிறீங்க, அதுக்கெல்லாம் யாரும் கேள்வி கேட்கல சார். அக்கா கேட்டது எத்தனை நாள்னுதான்.

---

சம்பங்கி_திருச்சி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நமஸ்காரம் பண்ணக் குனியணும்ங்கிறது என் மண்டைல ஏறவே இல்ல. இன்னிக்கு டாக்டருக்கு ஃபோன் பண்ணிப் பங்குனிக்கு மாத்திட்டேன். அவரும் மறுப்பே சொல்லல. "அப்பவே கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே"ன்னார். கேட்காம இருந்தது என் தப்புதான். கல்யாண ஃபோட்டோவுல இந்தக் கழுத்தோடயே நிக்கிறேன். அட்டிகை பாதியை மறைச்சிடும்.

சிஸ்டர், ஆஸ்பிரின் சாப்பிடறதில்ல. ஆனா மூட்டுக்காக மீன் எண்ணெய் ரெண்டு வருஷமா சாப்பிடுறேன், சொல்லணும்னே தோணல, நல்லவேளை.

இன்னும் ஒண்ணு. பேத்தி 12 கிலோ இருக்கா. அவளை எத்தனை நாள் தூக்கக்கூடாது?

---

வார்டு_சிஸ்டர்:

ஒரு மாசம், ஆறு வாரம் ஆனா இன்னும் நல்லது. நீங்க உட்கார்ந்துக்கிட்டு, யாரையாவது மடியில ஏத்திவிடச் சொல்லுங்கம்மா. தூங்க வைக்கிறதை மட்டும் வேற யாராவது பார்த்துக்கட்டும், தூக்கக் கலக்கத்துல கை பழைய இடத்துக்குத்தான் வரும்.