400 பவுண்டில் கையால் அடித்த கத்தானா: வாங்கலாமா, வேண்டாமா?

தேம்ஸ்கரை
லண்டனில் மூன்று வருடமாக ஜப்பானிய வாள் கலையான இயாய்தோ பழகுகிறேன். இதுவரை கூர் இல்லாத அலாய் வாள்தான். இனி நனைத்த பாய்ச்சுருளை வெட்டிப் பழக நிஜக் கத்தானா, அதாவது ஜப்பானிய பாணி வளைந்த நீள வாள் வேண்டும், கையில் இருப்பது 400 பவுண்டு. இங்கே 2008-லிருந்து 50 செ.மீ. அல்லது அதற்கு மேல் நீளமுள்ள வளைந்த வாளை விற்கவோ இறக்குமதி செய்யவோ தடை இருக்கிறது, 1954-க்கு முன் செய்தது, மரபு முறையில் கையால் செய்தது போன்ற சிலவற்றுக்குத்தான் விலக்கு. அதனால் மெஷினில் வெட்டியெடுத்த மலிவு வாள் எனக்குக் கணக்கிலேயே இல்லை. சீனாவின் லோங்சுவானில் டி10 என்ற அதிக கார்பன் எஃகை அடித்து, களிமண் பூசித் தோய்த்தது என்று ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். எடுக்கலாமா?

ஒசாகாவாசி
வேண்டாம் நண்பரே. மரபு முறை என்று சொல்வது எளிது. இங்கே ஜப்பானில் ஒரு கொல்லர் உரிமம் பெற்ற குருவிடம் குறைந்தது ஐந்து வருடம் பயின்று, அரசின் கலாச்சார முகமையிடம் உரிமம் வாங்கினால்தான் வாள் அடிக்க முடியும், அப்புறமும் மாதத்துக்கு இரண்டு நீள வாளுக்கு மேல் கூடாது. எஃகு ஷிமானே மாகாணத்தின் தத்தாரா உலையில், குளிர்காலத்தில், இரும்பு மணலையும் கரியையும் மாறி மாறிக் கொட்டி மூன்று இரவும் மூன்று பகலும் எரித்து எடுப்பது. லோங்சுவான் வாளுக்கு ஜப்பானில் பதிவுச் சான்றே கிடைக்காது, பதிவில்லாமல் வீட்டில் வைத்திருந்தால் குற்றம். இன்னும் ஒரு வருடம் பணம் சேருங்கள். எடோ காலத்து (1603–1868), கொல்லரின் கையெழுத்தில்லாத வாகிசாஷி ஒன்று இரண்டு லட்சம் யென் சுற்றி அகப்படும்.

பட்டறைப்பிள்ளை
பாய் வெட்டிப் பழகப் பழைய வாளா? மனசாட்சி உள்ள யாரும் செய்ய மாட்டார்கள். ஒரு கீறல் விழுந்தால் மெருகிடுபவர் அங்குலக் கணக்கில் கூலி கேட்பார், அது வாளின் விலையையே தாண்டிப் போகலாம், ஒவ்வொரு மெருகிலும் எஃகு தேய்வது தனி. அதோடு வாகிசாஷி இரண்டு அடிக்குள் அடங்கும் குட்டை வாள், அவர் கேட்பதோ இரண்டு கையாலும் பிடித்து வீசும் நீள வாள்.

எனக்கு மரபு என்றால் கை செய்கிற வேலை. அலகின் முதுகில் களிமண்ணைத் தடிமனாகவும் வெட்டும் வாய்ப்பக்கம் மெல்லியதாகவும் பூசி, உலையில் நிறம் பார்த்துத் தண்ணீரில் இறக்குவார்கள். வாய் சட்டென்று குளிர்ந்து கடினமாகும், முதுகு மெதுவாகக் குளிர்ந்து மென்மையாகவே நிற்கும். அழகான அந்த வளைவில் பெரும்பங்கு அந்த நொடியில் வருவதுதான். தோய்ச்சலில் சில வாள்கள் விரிசல் விட்டு வீணாகும், அந்த ஆபத்து லோங்சுவான் கொல்லனுக்கும் உண்டு.

ஒசாகாவாசி
சரி, வெட்டிப் பழகப் பழைய வாள் வேண்டாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நீளத்தையும் நான் யோசிக்கவில்லை. ஆனால் தோய்ச்சல் மட்டுமா மரபு? மணலில் இருந்து வந்த எஃகு சீராக இருக்காது, அதை மடித்து மடித்து அடித்தால்தான் கசடு வெளியேறி எஃகிலுள்ள கார்பன் சீராகப் பரவும். பத்து முறை மடித்தால் 1024 அடுக்கு. அந்த அடுக்குகள்தான் வாளின் உடலில் மரத்தின் ரேகை மாதிரித் தெரிகின்றன. அந்த வேலையை விட்டுவிட்டு பெயரை மட்டும் வைத்துக்கொள்வது எனக்கு வலிக்கிறது.

பட்டறைப்பிள்ளை
டி10 ஆலையில் இருந்தே சீராக வருகிறது, மடிக்க வேண்டிய தேவையே இல்லை. சரியாக ஒட்டாத ஒரு மடிப்பு இருந்தால் அதுவே பலவீனம். விலை குறைவான வாளில் 'மடித்த எஃகு' என்று போட்டிருந்தால் நான் தள்ளித்தான் நிற்பேன்.

ஈரப்பாய்
இரண்டு பேரும் அலகையே பேசுகிறீர்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். இதே விலையில் வாங்கிய வாள், நான்காவது வெட்டில் கைப்பிடிக்குள் 'டக்' என்று ஒரு சத்தம். அலகு இரண்டு விரல் அளவு முன்னால் நழுவி நின்றது. பிரித்துப் பார்த்தால் பிடியின் மரம் நீளவாக்கில் பிளந்திருந்தது, உள்ளே போகும் வால், அதாவது நக்காகோ, பிடியில் பாதிகூட இல்லை, வாலைப் பிடியோடு பிணைக்கும் மூங்கில் ஆணி இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ சாயம் பூசிய குச்சி. எதிரில் யாராவது நின்றிருந்தால் என்று நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

அண்ணே, பணம் கட்டும் முன் பிடியைக் கழற்றி நக்காகோவைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அலகைப் பல்பின் கீழ் சாய்த்து ஒரு வீடியோவும் கேளுங்கள். தோய்ச்சலில் வாய்க்கும் முதுகுக்கும் நடுவே ஒரு கோடு விழும், அதைப் போலியாக அமிலத்தால் வரைந்திருந்தால் எங்கே பார்த்தாலும் ஒரே சாம்பலாகத் தட்டையாக இருக்கும். நிஜத் தோய்ச்சல் கோட்டில் வெளிச்சம் நகர நகர பனி படிந்த மாதிரிப் பொடிப்பொடியாக மின்னும்.

ஒசாகாவாசி
இதில் எனக்கு மறுப்பே இல்லை. வாங்கினால் யாரிடமும் ஜப்பான் வாள் என்று சொல்லாதீர்கள், லோங்சுவான் வாள் என்றே சொல்லுங்கள். அடித்தவனுக்கும் அதுதான் மரியாதை.

தேம்ஸ்கரை
நேற்றிரவே விற்பவருக்கு எழுதினேன். நக்காகோ படம் வந்துவிட்டது, பிடியில் முக்கால்வாசிக்குப் போகிறது, ஆணிக்கு இரண்டு துளை. ஆணி மூங்கில்தானா என்று தெரியவில்லை, வெட்டு முகத்தை அருகில் எடுத்து அனுப்பக் கேட்டிருக்கிறேன். மரபு முறையில் கையால் செய்தது என்று அவர் கையெழுத்திட்டுத் தரும் கடிதமும் வேண்டும், கஸ்டம்ஸில் கேட்டால் நிரூபிக்க வேண்டியது நான்தானே. பல்பு வீடியோ வந்ததும் இங்கே போடுகிறேன், ஈரப்பாய், நீங்கள் பார்த்துச் சொல்லும்வரை பணம் கட்ட மாட்டேன்.