மார்பகக் குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

தோழிகளே, பெயர் போடாமல் கேட்கிறேன், மன்னியுங்கள். வயது 34, பள்ளி ஆசிரியை, மதுரை. கல்லூரிக் காலத்திலிருந்தே மார்பு கனம். பிரா பட்டை அழுத்தி இரண்டு தோளிலும் பள்ளம் விழுந்து, அந்த இடமே கறுத்துவிட்டது. கழுத்துவலிக்கு மூன்று வருடமாகப் பிசியோதெரபி. சித்திரை வந்தால் மார்புக்கு அடியில் வேர்த்துப் புண்ணாகிவிடும். பருத்தித் துணியை மடித்து வைத்துக்கொண்டுதான் வகுப்புக்குப் போகிறேன்.

போன வாரம் பிளாஸ்டிக் சர்ஜனைப் பார்த்தேன். முழு மயக்கம் கொடுத்து இரண்டிலிருந்து நான்கு மணி நேரம் ஆகுமாம். காம்பைச் சுற்றி, அங்கிருந்து கீழே, பிறகு அடிமடிப்பில் என்று நங்கூரம் போலத் தழும்பு வரும். மங்கும், முழுதாக மறையாது என்றார். காம்பில் உணர்ச்சி குறையலாம். சரி, அதெல்லாம் பரவாயில்லை.

என்னைத் தடுப்பது பால் விஷயம்தான். இரண்டாவது குழந்தை வேண்டுமென்று நினைக்கிறோம். காம்பைப் பால் நாளங்களிலிருந்து பிரிக்காமல் செய்தால் பால் கொடுக்க வாய்ப்பு உண்டு, ஆனால் உறுதி சொல்ல முடியாது என்கிறார். அம்மாவோ, "பிள்ளை பெத்த பிறகு பாத்துக்கலாம்" என்கிறார். அதுவரை இந்த முதுகு தாங்குமா?

செய்துகொண்டவர்கள் சொல்லுங்கள்: பிறகு தாய்ப்பால் கொடுக்க முடிந்ததா? எத்தனை வாரத்தில் பிள்ளையைத் தூக்கினீர்கள்? 'அழகுக்காக' என்று காப்பீட்டில் தள்ளிவிடுவார்களாமே, பழைய சிகிச்சைச் சீட்டுகளைக் காட்டி யாருக்காவது பணம் கிடைத்ததா?

அப்புறம், "எடையைக் குறை, தானாகச் சரியாகும்" என்று மட்டும் சொல்லாதீர்கள். 11 கிலோ குறைத்துப் பார்த்துவிட்டேன். கன்னம்தான் ஒட்டிப்போனது.