இடைமுகக் குறிமொழிகளோடு (மென்பொருள் திரைகளின் அமைப்பை எழுதும் மொழிகள்) பட்ட பாடு: உங்கள் அனுபவம் என்ன?

மணல்வீடு:
டபிள்யூபிஎஃப்பில் (விண்டோஸ் திரைகளுக்கான மைக்ரோசாஃப்ட்டின் கருவித்தொகுப்பு) ஓடும் கிடங்குக் கணக்கு மென்பொருளைக் கைபேசிக்குக் கொண்டுபோக வேண்டும். கைபேசிக்கான ஸாமரின் ஃபார்ம்ஸிலும் அதே ஸாமல் குறிமொழிதானே, திரைகளை அப்படியே எடுத்து ஒட்டினால் போதாதா என்று வாடிக்கையாளர் கேட்டார். அவர் எதிரிலேயே ஒரு திரையை ஒட்டிக் காட்டினேன். உறுப்புகளின் பெயர்களே வேறு: டெக்ஸ்ட்பிளாக் அங்கே லேபிள், டெக்ஸ்ட்பாக்ஸ் அங்கே என்ட்ரி, ஸ்டாக்பேனல் அங்கே ஸ்டாக்லேஅவுட். மேலிருந்து கீழ்வரை பிழை காட்டும் சிவப்புக் கோடு. மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "பெயர் ஒன்றுதானே?" என்றார். எனக்கு வாய் அடைத்துவிட்டது. ஸாமரினுக்கான ஆதரவு 2024 மே மாதத்தோடு முடிந்து, அடுத்து அதன் வாரிசான மாவிக்கு மாற்றும் வேலை வந்தது தனிக்கதை.

தறிக்காரன்:
சிவப்புக் கோடு வந்ததா? கொடுத்துவைத்தவர் நீங்கள். எங்களுக்கு அதுவும் வரவில்லை. கொதிகலன் வெப்பநிலையைக் காட்டும் திரை, க்யூடி என்னும் கருவித்தொகுப்பின் க்யூஎம்எல் குறிமொழியில் எழுதியது. எண் தானாக மாறும்படி பைண்டிங் (திரையின் மதிப்பைத் தரவோடு கட்டும் இணைப்பு) இருந்தது. மீட்டமைப்புப் பொத்தானுக்குள் யாரோ அதே பண்புக்கு நேரடியாக "--" என்று மதிப்புக் கொடுத்திருக்கிறார்கள். அழுத்திய நொடியில் பைண்டிங் அறுந்துவிட்டது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. உள்ளே சூடு ஏறிக்கொண்டிருக்க, திரையில் இரண்டு கோடுகள் மட்டும். இயக்குபவர் நகத்தால் கண்ணாடியைத் தட்டித் தட்டிப் பார்த்தது இன்னும் மனத்தை விட்டுப் போகவில்லை.

வெண்கொக்கு:
தறிக்காரன் அண்ணா, அது க்யூஎம்எல்லின் குற்றம் இல்லை. மதிப்பைக் கொடுத்தால் பைண்டிங் போய்விடும் என்று ஆவணத்திலேயே இருக்கிறது. திரும்ப வேண்டுமென்றால் க்யூடி.பைண்டிங் இருக்கிறது. பிழை வந்தால் கத்துகிற மொழி வேண்டுமென்றால் பயர்பாக்ஸ் உலாவியின் ஸூல் குறிமொழியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரு நீட்சிக்குத் தமிழ் மொழிபெயர்ப்புச் சேர்த்தோம். ஒரே ஒரு சொல்லுக்கு என்டிட்டி (மொழிபெயர்ப்பு வந்து அமரும் பெயர்க்குறி) விடுபட்டுப் போனது. விருப்பத்தேர்வுச் சாளரம் இருந்த இடத்தில் வெளிர்மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்தில் பாகுபடுத்தல் பிழை! ஆங்கிலத்தில் திறந்தவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. 2017 நவம்பரில் பயர்பாக்ஸ் 57 வந்து பழைய வகை நீட்சிகளுக்கே விடை கொடுத்துவிட்டது.

பழைய பஞ்சாங்கம்:
எங்கள் அலுவலகத்தில் ஃப்ளெக்ஸ், ஃப்ளாஷ் பிளேயரில் ஓடும் அடோபியின் கருவித்தொகுப்பு. 2020 முடிவில் ஃப்ளாஷ் பிளேயருக்கு ஆதரவு நின்றது, அறிக்கைத் திரைகளும் நின்றன. என் கதை இவ்வளவுதான்.

ஆனால் இளைஞர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எழுதுவதற்கு எது அழகு என்று பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். அடியில் அதை ஓட்டும் இயக்கச்சூழல் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். ஃப்ளெக்ஸை 2011இல் அப்பாச்சி என்னும் திறமூல அறக்கட்டளைக்குக் கொடுத்தார்கள். மூலநிரல் திறந்தது, மகிழ்ச்சி. ஆனால் ஓட ஃப்ளாஷ் பிளேயர் வேண்டுமே! உலாவியில் ஸாமலை ஓட்டிய மைக்ரோசாஃப்ட்டின் சில்வர்லைட்டுக்கும் 2021 அக்டோபரில் ஆதரவு முடிந்தது. 2006இல் வந்த டபிள்யூபிஎஃப் இன்னும் ஓடுகிறது. ஆண்ட்ராய்டில், குறிமொழி இல்லாமல் நிரலாகவே திரை எழுதும் கம்போஸ் 2021இல் நிலைப் பதிப்புக்கு வந்த பிறகும் பழைய எக்ஸ்எம்எல் திரைகள் ஓடுகின்றன. அடுத்தது, கணக்கு, சரிபார்ப்பு எதையும் குறிமொழிக்குள் வைக்காதீர்கள். கன்வெர்ட்டருக்குள் கன்வெர்ட்டர் (திரைக்காக மதிப்பை மாற்றித் தரும் நிரல் துணுக்கு) எழுதி வைத்தவர்கள் மாற்றும்போது அழுவதைப் பார்த்திருக்கிறேன். திரையில் அடுக்கும் வேலையை மட்டும் அதற்குக் கொடுங்கள். வடிவமைப்பாளர் தாமே ஸாமலைத் திருத்துவார் என்று விற்பனைக்காரர்கள் சொன்னதையும் நம்ப வேண்டாம். நான் வேலை செய்த இடங்களில் ஒருவரும் தொட்டதில்லை.

மணல்வீடு:
ஐயா, ஆலோசனைக்கு நன்றி, கேட்டது அனுபவம். கடைசி வரியை மட்டும் மறுக்கிறேன். எங்கள் வடிவமைப்பாளர் பிளெண்ட் என்னும் வடிவமைப்புக் கருவியில் திறந்து நிறங்களையும் இடைவெளியையும் தானே மாற்றுவார். குறிமொழியால் கிடைத்த ஒரே உருப்படியான லாபம் அதுதான்.

தறிக்காரன்:
வெண்கொக்குக்கு: ஆவணத்தில் இருப்பது கொதிகலன் அறையில் நிற்பவருக்கு எப்படித் தெரியும்? பைண்டிங் அறுந்தால் எந்த வரியில் என்று சொல்லும் பதிவு வசதி க்யூடியிலேயே இருக்கிறது. ஆனால் நாமாக இயக்கினால்தான் பேசும். அதை ஏன் அணைத்து வைத்திருக்கிறார்கள் என்று முதலில் சொல்லுங்கள்.