விஎம்டியில் (மூலக்கூறுகளைத் திரையில் காட்டும் புரோகிராம்) புரோட்டீன் பாதியாகப் பிய்ந்து தெரிகிறது, வீடியோ எடுப்பது எப்படி?

முட்டைவெள்ளை:
கோழிமுட்டை லைசோசைம் என்ற புரோட்டீனைத் தண்ணீர்ப் பெட்டியில் வைத்து குரோமாக்ஸ் என்ற சிமுலேஷன் புரோகிராமில் 100 நானோசெகண்ட் ஓட்டியிருக்கிறேன். ஜிஆர்ஓ ஃபைலை (அணுக்களின் அமைப்பு) விஎம்டியில் திறந்து அதன்மேல் எக்ஸ்டிசியை (ஃப்ரேம் ஃப்ரேமாக அசைவின் பதிவு) ஏற்றினால் கொஞ்ச நேரம் ஒழுங்காக ஆடுகிறது, அப்புறம் திடீரென்று ஒரு துண்டு மட்டும் பெட்டியின் எதிர்ப்பக்கம் போய்விடுகிறது, நடுவில் நீள நீளமாகக் கோடுகள். ரன் கெட்டுப்போய்விட்டதா? ஆற்றல் கிராஃப் நேராகத்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை கைடிடம் வீடியோ காட்ட வேண்டும்.

பெட்டிக்காரன்:
ஒன்றும் கெடவில்லை. நிஜமாகவே வெடித்திருந்தால் லிங்க்ஸ் (பிணைப்பு நீளத்தை மாறாமல் காக்கும் கணக்கு) எச்சரிக்கைகளைக் கொட்டிவிட்டு ரன் பாதியில் நின்றிருக்கும். இது பீரியாடிக் எல்லை செய்யும் வேலை: வலது சுவரைத் தாண்டும் அணு இடது சுவர் வழியாக உள்ளே வரும், கணக்குக்கு இரண்டும் ஒன்றுதான். எக்ஸ்டிசியில் பிணைப்பு என்று எதுவுமே கிடையாது, அணுக்கள் இருக்கும் இடம் மட்டும்தான். விஎம்டி முதலில் ஏற்றிய ஃபைலில் எந்த அணு எதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்த்துப் பிணைப்பை ஊகித்துக்கொண்டு கடைசிவரை அதையே வரைகிறது, கோடு நீள்வது அதனால்தான்.

குரோமாக்ஸோடு வரும் டிரெஜ்கான்வ் என்ற ஃபைல் மாற்றும் கருவியில் டிபிஆர் ஃபைலை (ரன்னுக்குக் கொடுத்த உள்ளீடு, பிணைப்பு விவரம் இதில் இருக்கும்) கொடுத்து 'பிபிசி மோல்' (மூலக்கூறைப் பிய்க்காமல் வைக்கும்), 'சென்டர்' இரண்டையும் போடுங்கள். நடுவில் வைக்கப் புரோட்டீன், வெளியே எழுத சிஸ்டம் (எல்லா அணுக்களும்). சுழற்சியை நிறுத்தும் 'ஃபிட்' வேண்டுமென்றால் வந்த ஃபைலின்மேல் தனியாக இன்னொரு முறை ஓட்ட வேண்டும், ஒரே கட்டளையில் சேர்த்தால் திட்டிவிட்டு நின்றுவிடும்.

இரவுரெண்டர்:
அவர் சொன்னது சரி, ஆனால் வீடியோவுக்குத் தண்ணீர் எதற்கு? புரோட்டீனை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள், பார்க்கிற ஜிஆர்ஓவும் அதே அணுக்களோடு இருக்கட்டும், எண்ணிக்கை பொருந்தாவிட்டால் ஏறாது. விஎம்டி எல்லா ஃப்ரேமையும் ரேமில் வைக்கும், ஓர் அணுவுக்கு ஃப்ரேமுக்கு 12 பைட். 30,000 அணு, 10,000 ஃப்ரேம் என்றால் 3.6 ஜிபி, லேப்டாப் திணறும். டிரெஜ்கான்வில் 'ஸ்கிப் 10' (பத்தில் ஒரு ஃப்ரேம்) போதும்.

விஎம்டியின் மூவி மேக்கரில் ஸ்னாப்ஷாட் (திரையை அப்படியே படம்பிடிப்பது) வேண்டாம், மேலே வேறு விண்டோ வந்தால் அதுவும் படத்தில் விழும். டாக்கியான் என்ற ரெண்டரரில் ஃப்ரேம்களைப் படங்களாக்கி, அவற்றை எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ கருவியில் கோத்துவிடுங்கள். ஸ்மூத்திங்கைக் கொஞ்சமாக வையுங்கள். கூட்டினால் சராசரி எடுத்து எடுத்து மெத்தில் குழுக்களெல்லாம் சுருங்கிப்போய் அசிங்கமாகத் தெரியும்.

முட்டைவெள்ளை:
இப்போது முழுசாக இருக்கிறது, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி! இன்னொன்று, ஒரு ஹெலிக்ஸின் (புரோட்டீனில் சுருளாக இருக்கும் பகுதி) முனை அவிழ்வது ஹைட்ரஜன் பிணைப்புத் தூரத்தில் தெரிகிறது, நியூகார்ட்டூனில் (விஎம்டியில் புரோட்டீனை ரிப்பன் மாதிரி வரையும் முறை) மட்டும் கடைசிவரை ஹெலிக்ஸாகவே நிற்கிறதே?

பெட்டிக்காரன்:
விஎம்டி இரண்டாம்நிலை அமைப்பை (எது ஹெலிக்ஸ், எது இல்லை என்பது) ஒரே ஒரு ஃப்ரேமுக்குத்தான் கணக்கிடும், ஃப்ரேம் மாறினாலும் தானாகத் திருத்தாது. ஒவ்வொரு ஃப்ரேமிலும் 'மோல் எஸ்எஸ்ரீகால்க்' ஓடுகிற மாதிரி டிக்கிளில் (விஎம்டிக்குள் ஓடும் ஸ்கிரிப்ட் மொழி) ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதுங்கள், இல்லையென்றால் விஎம்டி தளத்திலேயே எஸ்எஸ்கேஷ் என்று தயாராக ஒன்று இருக்கிறது.