முடிவோ நித்தியஜீவன்: வகுப்பிலும் வீடு சந்திப்பிலும் படுக்கையருகிலும் வரும் கேள்விகள்

திடப்படுத்தல் வகுப்பு ஆசிரியர்:

இரட்சிப்பு, பரிசுத்தமாகுதல், நித்தியஜீவன் மூன்றையும் கற்றுக்கொடுக்கிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். சொந்தச் சாட்சியை இந்த இழையில் எழுத வேண்டாம். எதிரே உட்காருகிறவர்கள் என்ன கேட்கிறார்கள், எங்கே இடறுகிறார்கள், எப்படிச் சொன்னால் பிடிபடுகிறது, அதை எழுதுங்கள். நான் தொடங்குகிறேன்.

முதல் நாளே ரோமர் 6:22-ஐக் கரும்பலகையில் எழுதிவிடுவது நல்லது. "பாவத்தினின்று விடுதலையாக்கப்பட்டு" என்பது நடந்து முடிந்தது. "பரிசுத்தமாகுதல் உங்களுக்குக் கிடைக்கும் பலன்" என்பது இப்போது காய்த்துக்கொண்டிருப்பது. "முடிவோ நித்தியஜீவன்" என்பது போய்ச் சேருகிற இடம். மூன்றும் இந்த வரிசையில்தான் நிற்கின்றன. பிள்ளைகள் திடப்படுத்தல் வகுப்புக்கு, அதாவது விசுவாசத்தைத் தாங்களே அறிக்கையிட ஆயத்தமாகும் வகுப்புக்கு, வரும்போது இதைத் தலைகீழாக வைத்திருப்பார்கள்: முதலில் நல்லவனாக வேண்டும், பிறகு தேவன் ஏற்றுக்கொள்வார், கடைசியில் பரலோகம். வீட்டில் காதில் விழுந்த பாவ புண்ணியக் கணக்குதான் காரணம். அதை உடைக்க அடுத்த வசனமே போதும். பாவத்துக்குக் கிடைப்பது "சம்பளம்", நித்தியஜீவனோ "கிருபைவரம்". சம்பளம் வேலை செய்தவனுக்குச் சேரவேண்டியது, கேட்டு வாங்கலாம். வரத்தை அப்படிக் கேட்க முடியாது. இந்த இரண்டு சொல்லையும் அடிக்கோடிட்டு ஐந்து நிமிடம் பேசாமல் விட்டால், பதினைந்து வயதுப் பிள்ளைகூட "அப்போ நான் ஏன் நல்லவனா இருக்கணும்?" என்று கேட்டுவிடும். அந்தக் கேள்வி வந்தால் பாடம் சரியாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இந்த நிருபத்தை எழுதின பவுலுக்கும் அதே கேள்விதான் வந்தது, ரோமர் 6:1-ஐப் பாருங்கள். கேள்வியே வரவில்லையென்றால் நாம் இன்னும் சம்பளத்தைத்தான் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

அடுத்த இடறல் "இரட்சிக்கப்பட்ட தேதி". கூட்டங்களில் தேதி சொல்லிச் சாட்சி கொடுப்பதைக் கேட்டுக் கேட்டு, சபையிலேயே வளர்ந்த பிள்ளைகள் தங்களுக்கு அப்படி ஒரு நாள் இல்லையே என்று உள்ளுக்குள் பயப்படுகிறார்கள். சிலர் பயத்தில் ஒரு தேதியை உண்டாக்கியும் சொல்லிவிடுவார்கள். அவர்களுக்குப் பவுலையும் தீமோத்தேயுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும். பவுலுக்கு இயேசு சந்தித்த தமஸ்கு வழி உண்டு, நடுப்பகல் வெளிச்சம் உண்டு. தீமோத்தேயுவுக்கோ பாட்டி லோவிசாளும் தாய் ஐனிக்கேயாளும் உண்டு, சிறுவயது முதல் அறிந்த வேத எழுத்துக்கள் உண்டு (2 தீமோ. 1:5, 3:15). அவனிடம் யாரும் தேதி கேட்கவில்லை. கேட்க வேண்டியது "என்றைக்கு?" அல்ல, "இன்றைக்கு யாரை நம்பியிருக்கிறாய்?"

இதோடு மூன்று காலத்தையும் காட்டிவிடலாம். எபேசியர் 2:8-இல் "இரட்சிக்கப்பட்டீர்கள்". 1 கொரிந்தியர் 1:18-இல் "இரட்சிக்கப்படுகிற நமக்கோ". ரோமர் 5:9-இல் கோபாக்கினைக்கு நீங்கலாக இனி இரட்சிக்கப்படுவது. ஒரே சொல்தான். பாவத்தின் தண்டனையிலிருந்து, பாவத்தின் பிடியிலிருந்து, கடைசியில் பாவமே இல்லாத நிலைக்கு என்று மூன்று கட்டமாக விரிகிறது.

ஞாயிறு பள்ளி ஆசிரியை:

நல்ல தொடக்கம், ஐயா. சின்னப் பிள்ளைகளிடம் "பரிசுத்தம்" என்ற சொல்லே முதல் சிக்கல். அதற்குள் "சுத்தம்" ஒளிந்திருப்பதால், குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, கெட்ட வார்த்தை பேசாமல் இருப்பது என்று புரிந்துகொள்கிறார்கள். வேதத்தில் அந்தச் சொல்லின் அடி "பிரித்து வைக்கப்பட்டது". இஸ்ரவேலர் ஆராதித்த ஆசரிப்புக் கூடாரத்தின் தட்டும் கரண்டியும் பரிசுத்தம். அவற்றுக்குக் குணம் ஏது?

வகுப்புக்கு ஒரே கடையில் வாங்கின இரண்டு டம்ளர்களைக் கொண்டுபோங்கள். ஒன்றைத் தண்ணீர்ப் பானைமேல் வையுங்கள். மற்றதை வெள்ளைத் துணியில் சுற்றி, இது இனிமேல் இராப்போஜனத்துக்கு மட்டும் என்று சொல்லித் தனியே வையுங்கள். எது பரிசுத்தம்? இரண்டாவது என்று உடனே சொல்வார்கள். எப்போது ஆயிற்று? துணியில் சுற்றி வைத்த அந்த நொடியில். இன்னும் கழுவவே இல்லையே? இந்த இடத்தில் வகுப்பு அமைதியாகிவிடும். பிறகு நீங்களே சொல்லுங்கள்: எடுத்து வைத்ததனால்தான் இதை இனி ஒவ்வொரு தடவையும் கவனமாய்க் கழுவுவோம். கழுவினதனால் எடுத்து வைக்கவில்லை.

கொரிந்து சபையில் கட்சி, வழக்கு, விபசாரம் எல்லாம் இருந்தது. பவுல் முதல் அதிகாரம் இரண்டாம் வசனத்திலேயே அவர்களைப் "பரிசுத்தமாக்கப்பட்டவர்கள்" என்று எழுதிவிட்டு, பின்வரும் அதிகாரங்களில் கழுவுகிறார். பெரிய வகுப்பானால் எபிரெயர் 10:14-ஐயும் சேர்க்கலாம். "பரிசுத்தமாக்கப்படுகிறவர்களை" நடந்துகொண்டிருக்கிறது, "பூரணப்படுத்தியிருக்கிறார்" முடிந்துவிட்டது. இரண்டும் ஒரே வசனத்தில்.

மறைக்கல்வி ஆசிரியர் (கத்தோலிக்கர்):

எங்கள் பக்கம் 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பை வாசிக்கிறோம். அதனால் இரட்சிப்பு எங்களுக்கு மீட்பு, நித்தியஜீவன் நிலைவாழ்வு, பரிசுத்த ஆவி தூய ஆவி. கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் செய்கிற கலப்புத் திருமணத்துக்கு முன் இரு வீட்டாரும் சேர்ந்து உட்காரும்போது, பாதி வாக்குவாதம் சொல்லிலேயே கிடக்கிறது. முதலில் இந்தச் சொற்களை ஒரு தாளில் எதிரெதிரே எழுதிக் கொடுத்துவிட்டால் சத்தம் குறைகிறது.

"மீட்பு" தமிழில் நல்ல சொல். அடகுக் கடையில் கிடக்கிற நகை தன்னைத்தானே மீட்டுக்கொள்ளாது. சொந்தக்காரர் வந்து பணம் கட்டி எடுக்கிறார். வீட்டுக்கு வந்த பிறகு அழுக்கு எடுத்துப் பாலிஷ் போடுவது தனி வேலை. இது எவருக்கும் புரிகிறது. ஆனால் உவமையை இதற்குமேல் இழுக்காதீர்கள். "பணத்தை யாருக்குக் கட்டினார், பிசாசுக்கா?" என்று கேள்வி வரும். நான்காம் நூற்றாண்டிலேயே நசியான்சின் கிரகோரியார் அந்த எண்ணத்தை மறுத்துவிட்டார். விலை கொடுத்தது யார், மீண்டது யார் என்ற அளவில் நிறுத்திக்கொள்வது நல்லது.

உண்மையான வேறுபாட்டையும் மறைக்கக் கூடாது. சீர்திருத்தத் திருச்சபைகள் நீதிமானாக்கப்படுதலை (தேவன் பாவியை நீதிமான் என்று ஏற்றுக்கொள்வதை) தீர்ப்பாகவும், பரிசுத்தமாகுதலை அதைத் தொடர்ந்து வருகிற வேலையாகவும் பிரித்துச் சொல்கின்றன. கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்துப் பொதுச்சங்கமோ 1547-இல், பாவமன்னிப்போடு உள்மனிதன் தூய்மையாகிப் புதுப்பிக்கப்படுவதும் சேர்ந்ததே நீதிமானாக்கப்படுதல் என்று அறிவித்தது. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் நீதிமானாக்கப்படுதல் பற்றிய கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம்முடைய தகுதியால் அல்ல, அருளால் மட்டுமே ஏற்றுக்கொள்ளப்படுகிறோம் என்பதை இரு தரப்பும் சேர்ந்து அறிக்கையிடுகிறோம். மெதடிஸ்டுகள் 2006-இல் சேர்ந்தார்கள். எல்லாம் தீர்ந்துவிடவில்லை. ஆனால் "கத்தோலிக்கர் செயலால் மீட்பு வாங்குகிறவர்கள்" என்று இன்னமும் சொல்வது நியாயமல்ல. இதைச் சொன்னதும் இரு வீட்டுப் பெரியவர்களின் முகமும் தளர்வதைப் பார்க்கலாம்.

சபை மூப்பர், வீடு சந்திப்பு:

பரிசுத்தமாகுதல் பிரசங்கத்தில் உயரமாகப் போகும். வீட்டில் அது பெரும்பாலும் பணத்தில் வந்து நிற்கும். ஞானஸ்நானம் எடுத்து சில மாதத்தில் ஒரு மனிதர் கேட்பார்: "பழைய கம்பெனியில் பொய் பில் போட்டு வாங்கியிருக்கேன். அதுவும் மன்னிக்கப்பட்டதுதானே, பிரதர்?" மன்னிக்கப்பட்டதுதான். மன்னிப்பு இருப்பதால்தான் திருப்பிக் கொடுக்கத் தைரியம் வருகிறது. வரி வசூலித்துப் பணக்காரனான சகேயுவின் பகுதியைத் திறந்து காட்டுங்கள். "இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்" என்பது லூக்கா 19:5. பாதி ஆஸ்தி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கினது நாலத்தனையாக என்பது 19:8. ஆண்டவர் வீட்டுக்குள் வந்த பிறகுதான் பணப்பெட்டி திறக்கிறது.

செய்யும் முறை இது. ஒரு நோட்டுப் புத்தகத்தில் நான்கு கோடு போட்டு, யாரிடம், எவ்வளவு, எப்படி எடுத்தது, இப்போது அவர் எங்கே என்று எழுதச் சொல்லுங்கள். எழுதும்போது கை நின்று நின்று போகும். அவசரப்படுத்த வேண்டாம். எவ்வளவு என்பதற்கு லேவியராகமம் 6:5 ஓர் அளவு தருகிறது: முதலும், அதோடு ஐந்தில் ஒரு பங்கும். ஐயாயிரம் எடுத்திருந்தால் ஆறாயிரம். நியாயப்பிரமாணத்தின் கட்டாயமாக இதைச் சுமத்தக் கூடாது. நஷ்டப்பட்டவருக்கு நஷ்டம் முதலோடு முடிவதில்லை என்பதற்கு நல்ல அளவு. கையில் பணம் இல்லையென்றால் மாதத் தவணை போதும். ஆனால் முதல் தவணையோடு கடிதமோ நேரில் ஒரு வார்த்தையோ போக வேண்டும். நஷ்டப்பட்டவர் இறந்திருந்தால் வாரிசுக்கு. வாரிசும் இல்லையென்றால் எண்ணாகமம் 5:8 அதைக் கர்த்தருக்கு என்கிறது. அதை ஏழைகளுக்குப் போய்ச் சேரும்படி செய்யலாம்.

கெட்டுப்போகிற இடங்கள் சில உண்டு. ஒன்று, மைக்கில் அறிக்கையிடுவது. அறிக்கை நஷ்டப்பட்டவரிடம் போக வேண்டும், ஊருக்கு அல்ல. மற்றது, மனதில் மட்டும் வைத்திருந்த பொறாமையை எதிராளியிடம் போய்ச் சொல்வது. சொன்னவருக்குப் பாரம் இறங்கும், கேட்டவருக்கு ஏறும். அதைத் தேவனிடம் சொன்னால் போதும். மூன்றாவது, இதில் நான் கடுமையாகவே சொல்கிறேன்: பிள்ளையிடமோ பெண்ணிடமோ கொடுமை செய்த ஒருவன் "மனந்திரும்பிவிட்டேன்" என்று சொன்னதும், பாதிக்கப்பட்டவரை "மன்னித்துவிடு, வெளியே சொல்லாதே" என்று அடக்குவது. இது ஒப்புரவாகுதல் அல்ல. மனந்திரும்பினவன் சட்டத்தின் முன் நிற்க மறுக்க மாட்டான். இயேசுவுக்குப் பக்கத்தில் சிலுவையிலிருந்த கள்ளன், "நாமோ நியாயப்படி தண்டிக்கப்படுகிறோம்" என்றே சொன்னான்.

இன்னொன்று. தீயதை நிறுத்துவதோடு வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். எபேசியர் 4:28-இல் திருடனுக்கு மூன்று சொல்லப்பட்டிருக்கிறது: இனித் திருடாதே, கையால் வேலை செய், குறைச்சலுள்ளவனுக்குக் கொடு. மூன்றாவதில்தான் அவன் கை மாறுகிறது. குடியை விட்டவருக்கும் அப்படியே. சாயங்காலம் ஏழு மணிக்கு முன்பு எங்கே போனாரோ, அந்த நேரத்துக்கு வேறு இடமும் வேறு ஆட்களும் வேண்டும். வெறுமையாக விட்டால், மத்தேயு 12:44-இல் அசுத்த ஆவி திரும்பி வந்து பார்க்கிற வீடு போல ஆகிவிடும்: பெருக்கியிருக்கும், ஜோடித்திருக்கும், உள்ளே ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

கன்வென்ஷன் பின்தொடர் பணி செய்பவர்:

சுருக்கமாக எழுதுகிறேன். கன்வென்ஷன் என்கிற நற்செய்திக் கூட்டத்தில் கை உயர்த்தி அட்டை நிரப்பினவரை அந்த வாரத்திலேயே போய்ப் பார்க்காவிட்டால், அடுத்த வருடமும் அவரே கை உயர்த்துவார். கையில் யோவான் சுவிசேஷம் மட்டும் கொடுங்கள். 21 அதிகாரம், நாளொன்றுக்கு ஒன்று, மூன்று வாரம். ஒவ்வொரு வாரமும் ஒரே கேள்விகள்: இயேசுவைப் பற்றி என்ன பார்த்தீர்கள், எது புரியவில்லை, எதற்குக் கீழ்ப்படியப் போகிறீர்கள்? முதல் சந்திப்பிலேயே தசமபாகமும் நகை கழற்றுவதும் பேசி ஆட்களை விரட்டுகிறவர்களைப் பார்க்கும்போது நெஞ்சு வலிக்கிறது.

திடப்படுத்தல் வகுப்பு ஆசிரியர்:

மூப்பர் அண்ணன் எழுதினதை அப்படியே வகுப்புக்கு எடுத்துக்கொள்கிறேன். ஒரு கேள்வி விடுபட்டிருக்கிறது: "இரட்சிப்பை இழந்துபோக முடியுமா?" 1618-19-இல் சீர்திருத்தச் சபைகளின் டார்ட் சங்கம் முடியாது என்றது, மெதடிஸ்டுகள் போன்ற வெஸ்லி வழி வந்தவர்கள் முடியும் என்கிறார்கள். வகுப்பில் இரண்டையும் நேர்மையாகச் சொல்லுங்கள். ஆனால் தனியே வந்து கேட்கிறவரிடம், கேட்பது யார் என்று பார்க்க வேண்டும். பயந்து நடுங்கி வருகிறவருக்கு யோவான் 10:28, "ஒருவனும் அவைகளை என் கையிலிருந்து பறித்துக்கொள்வதுமில்லை". எப்படி வாழ்ந்தாலும் பரவாயில்லை என்று கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பவருக்கு, விலகிப்போவதைப் பற்றி எச்சரிக்கிற எபிரெயர் 6. இதை மாற்றிக் கொடுத்தால் நடுங்குகிறவர் நொறுங்குவார், அலட்சியக்காரர் இன்னும் சாய்ந்து உட்காருவார்.

மருத்துவமனை சந்திப்பு ஊழியர்:

கடைசி நாட்களில் வகுப்புக்கு நேரம் இல்லை. பத்து நிமிடத்துக்கு மேல் இருக்க வேண்டாம். உட்கார்ந்து பேசுங்கள், நின்றுகொண்டு பேசினால் கிளம்புகிற மாதிரி இருக்கும். உதடு காய்ந்திருந்தால் நர்ஸிடம் கேட்டு, அவர் சரி என்றால் ஈரப் பஞ்சால் முதலில் நனைத்துவிடுங்கள். ஒரே ஒரு வசனம், மூன்று தடவை, மெதுவாக. பேச்சு நின்றவருக்கும் காது கேட்கிறது என்று வைத்துக்கொண்டே பேசுங்கள், அவர் தலைமாட்டில் சொத்துப் பேச்சு எடுக்க விடாதீர்கள். ஜெபத்தைக் கையைப் பிடித்துச் சொல்லி, "ஆமென் என்றால் என் விரலை அழுத்துங்கள்" என்றால் போதும். "விசுவாசம் இருந்திருந்தால் குணமாகியிருப்பீர்கள்" என்ற பேச்சு அந்த அறைக்குள் நுழையவே கூடாது.

பெரும்பாலும் கேட்பது ஒன்றே: "ஆயுசெல்லாம் வீணாக்கிட்டேன், இனிமேல் என்ன பரிசுத்தமாகப் போறேன்?" லூக்கா 23:40 முதல் வாசியுங்கள். அந்தக் கள்ளனுக்கு ஞானஸ்நானம் இல்லை, திருப்பிக் கொடுக்கக் கை இல்லை, இரண்டு கையும் சிலுவையில். ஆனாலும் அந்தக் கொஞ்ச நேரத்தில் மற்றவனைக் கடிந்துகொண்டான், தன் குற்றத்தை ஒத்துக்கொண்டான், இயேசு தகாததொன்றையும் செய்யவில்லை என்று எல்லார் நடுவிலும் சொன்னான், ஜெபித்தான். வேர் பிடித்ததும் காய்த்துவிட்டது.

குடும்பத்தாரிடம் பேச வேண்டியது வேறு. "மோட்சம் போய்ச் சேர்ந்தார்" என்ற பேச்சு நம் ஊர் காதில் பிறவியிலிருந்து விடுபட்ட ஆத்துமா என்று விழுகிறது. ஆராதனையில் நாம் அறிக்கையிடுகிற விசுவாசப்பிரமாணத்தில் நித்தியஜீவனுக்கு முந்தின வார்த்தை "சரீரம் உயிர்த்தெழுதல்". நித்தியஜீவன் சாவுக்குப் பிறகு தொடங்குவதும் இல்லை. யோவான் 5:24-இன்படி விசுவாசிக்கிறவன் ஏற்கெனவே மரணத்தைவிட்டு நீங்கி ஜீவனுக்குட்பட்டிருக்கிறான். சுவரொட்டியில் "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" என்று அச்சடிக்கிறோமே, நித்திரை என்றால் எழுப்புகிறவர் ஒருவர் உண்டு. 1 கொரிந்தியர் 15:42 அடக்கத்தை விதைப்பு என்கிறது. நாமும் அந்த இடத்தைக் கல்லறைத் தோட்டம் என்றுதான் சொல்கிறோம். குழியருகே மண் போடும்போது பிள்ளைகளையும் கிட்டே கூப்பிட்டு, அவர்கள் கையிலும் ஒரு பிடி மண் கொடுத்து, அந்த வசனத்தை அங்கேயே சத்தமாய் வாசியுங்கள்.