98-க்கு ஏற்றுவதா, 90-இல் விடுவதா? மூச்சிரைப்போடு வருகிறவர்களுக்கு ஆக்சிஜன்

மேலூர்க்காரி:
வணக்கம். மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். இதுவரை பிரசவ வார்டு, இப்போது இருதய ஐசியுவுக்கு மாற்றிவிட்டார்கள். நைட் டியூட்டியில் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க ஒருவர் வந்து இறங்கினால் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரு சீனியர் அக்கா, "சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் சதவீதம்) 98 வரும்வரை ஆக்சிஜனை ஏற்று" என்கிறார். இன்னொருவர், "பீடி குடிக்கிற ஆளா என்று கேட்காமல் நிமிடத்துக்கு 2 லிட்டருக்கு மேல் திறக்காதே" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? டாக்டர் வருவதற்குள் நான் என்ன செய்து வைக்கலாம்? புத்தகத்தில் இருப்பது எனக்கும் தெரியும். வார்டில் நின்றவர்கள் சொல்லுங்கள்.

ஐசியு தம்பி:
இரண்டு பேர் சொல்வதும் பாதி சரி. பொதுவாக 94 முதல் 98 வரை. பீடி, சிகரெட், விறகடுப்புப் புகை என்று பல வருடம் போய் சிஓபிடி (மூச்சுக்குழாய் சுருங்கிப்போகும் நாள்பட்ட நுரையீரல் நோய்) ஆனவர்களுக்கு 88 முதல் 92 வரை போதும். மாரடைப்பு என்று வந்தவருக்கே 90-க்கு மேல் இருந்தால் பழக்கதோஷத்தில் ஆக்சிஜன் மாட்டத் தேவையில்லை. 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுப்பதுதான் அவசரம். யாருக்கு எவ்வளவு என்று கேஸ் ஷீட்டில் டாக்டரிடம் எழுதி வாங்கிவிடுங்கள், ராத்திரியில் சண்டை இருக்காது.

தல்லாகுளம் சிஸ்டர்:
தம்பி சொன்ன கணக்கு சரிதான். ஆனால் தங்கச்சி, மானிட்டரைப் பார்ப்பதற்கு முன்னால் ஆளைப் பார். நான் அரசு ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள். உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கமிருந்து 108-இல் மூச்சு முட்ட வருகிறவரை ஈசிஜிக்காக மல்லாக்கப் படுக்க வைப்பதுதான் நாம் செய்கிற முதல் கொடுமை. இருதயம் இறைக்க முடியாமல் நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது. படுத்தால் கால் பக்கத்து ரத்தமும் சேர்ந்து நெஞ்சுக்கு வரும். அவர் எழுந்து உட்காரத் திமிறுவார், நாம் "அசையாதீங்கய்யா" என்று அமுக்குவோம். உட்கார வைத்தே எடு, பேப்பரில் "உட்கார்ந்த நிலையில்" என்று எழுதிவிடு. கால் கட்டிலுக்குக் கீழே தொங்கட்டும். முன்னால் சாப்பாட்டு மேசையை இழுத்து, மேலே தலையணை போட்டு இரண்டு கையையும் ஊன்றச் சொல். பிபி இறங்கி மயங்குகிறவருக்கு மட்டும் இது ஆகாது.

அடுத்தது மூச்சை எண்ணுவது. முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். எந்த சார்ட்டைத் திறந்தாலும் எல்லா பெட்டுக்கும் 20 என்றே இருக்கும், அது எண்ணி எழுதியது இல்லை என்று உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். 25-ஐத் தொட்டால் டாக்டரைக் கூப்பிடு. "ஐயா எந்த ஊரு, எத்தனை பிள்ளைங்க?" என்று கேள். "ரெண்டு..." என்று நிறுத்தி, மூச்சு வாங்கி, "...பையன்" என்றால் சாச்சுரேஷன் 95 காட்டினாலும் நம்பாதே. பிபி பட்டை கட்டிய கையில் சாச்சுரேஷன் கிளிப்பை மாட்டாதே, பட்டை இறுகும்போதெல்லாம் மெஷின் கத்தும். விரல் சில்லிட்டிருந்தாலும், நகத்தில் பாலிஷ் இருந்தாலும் தப்பாகக் காட்டலாம்.

பீடிக்காரர் விஷயம்: அதுவரை திமிறிக்கொண்டிருந்தவர் திடீரென்று சாந்தமாகித் தூங்க ஆரம்பித்தால், அப்பாடா என்று உட்கார்ந்துவிடாதே. ஆக்சிஜன் கூடிப்போய் உள்ளே கார்பன் டை ஆக்சைடு தேங்குகிறது. எழுப்பி, இரண்டு கையையும் நீட்டி மணிக்கட்டை மேல்பக்கம் மடக்கச் சொல். கை படபடவென்று அடித்தால் டாக்டர் உடனே வர வேண்டும், ஏபிஜி (தமனி ரத்தத்தில் வாயு அளவு பார்க்கிற டெஸ்ட்) எடுக்க வேண்டும். அந்தப் பயத்தில் ஆக்சிஜனைப் பிடுங்கியும் விடாதே, சாச்சுரேஷன் மடமடவென்று கீழே போய்விடும். 88-92 நிற்கிற அளவுக்குக் குறை. நெபுலைசரை (மருந்தைப் புகைபோல் ஆக்கி மூச்சில் தருவது) அவர்களுக்குக் காற்று மெஷினில் ஓட்டு. ஆக்சிஜனில்தான் ஓட்ட முடியும் என்றால் 6 நிமிடத்தோடு நிறுத்து.

நீர் பிரிய லாசிக்ஸ் ஊசி போடச் சொன்னால் மெதுவாகப் போடு. அதிக டோஸை வேகமாக ஏற்றினால் காது இரையும், கேட்காமலும் போகலாம். ஊசிக்கு முன்பே யூரின் பாட்டிலைக் கட்டிலில் மாட்டிவிடு. மூச்சு வாங்குகிற மனிதரை பாத்ரூமுக்கு நடக்க வைக்காதே.

மேலூர்க்காரி:
ரொம்ப நன்றிக்கா. பைபேப் (அழுத்தத்தோடு காற்றுத் தள்ளுகிற மெஷின்) மாஸ்க் மாட்டினால் பிய்த்து எறிகிறார்களே, கையைக் கட்டிவிடச் சொல்கிறார்கள்.

தல்லாகுளம் சிஸ்டர்:
கட்டாதே. வாந்தி வந்தால் மாஸ்க்குக்குள்ளேயே போய்விடும், அவரால் கழற்ற முடியாது. முதல் சில நிமிடம் வாரை மாட்டாமல் மாஸ்க்கை உன் கையாலேயே முகத்தில் பிடி. "காத்து தானா வரும், எதிர்த்து ஊதாதீங்க" என்று காதருகே சொல். பழகிய பிறகு வாரை மாட்டு. மூக்குத் தண்டில் ஒரு மெத்துத் துண்டு வை, இல்லையென்றால் தோல் உரிந்துவிடும். பயந்துபோனவர் பக்கத்தில் ஆள் நின்றாலே பாதி திமிறல் அடங்கும். அதற்கு ஆள் எங்கே என்று கேட்காதே, அது வேறு கதை.

வாடிப்பட்டி மகன்:
நான் நர்ஸ் இல்லை, அம்மாவைப் பார்த்துக்கொள்பவன். அம்மாவுக்கு இருதயம் பம்பிங் குறைவு. அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வந்தபோது கூட்டத்தில் பாத்ரூமுக்கு எங்கே போவது என்று நீர் மாத்திரையை யாருக்கும் சொல்லாமல் நிறுத்திவிட்டார். திருவிழா முடிவதற்குள் ஐசியுவில் இருந்தார். டிஸ்சார்ஜின்போது ஒரு சிஸ்டர் தினமும் எடை பார்க்கச் சொன்னார். இது யாராவது முன்பே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தல்லாகுளம் சிஸ்டர்:
வருடா வருடம் நடப்பதுதான் தம்பி. வெளியூர் போகிற அன்று மாத்திரையை எத்தனை மணிக்குத் தள்ளிப் போடலாம் என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், நிறுத்தாதீர்கள். காலையில் யூரின் போன பிறகு, சாப்பிடுவதற்கு முன் எடை பாருங்கள். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் உடம்பில் நீர் சேர்கிறது, உடனே டாக்டரைப் பாருங்கள்.

தங்கச்சி, டிஸ்சார்ஜில் உப்பைப் பற்றிப் பேசும்போது கருவாடு, அப்பளம், ஊறுகாய் என்று பெயர் சொல்லிக் கேள். "உப்பைக் குறைச்சுட்டோம் சிஸ்டர்" என்பார்கள், கருவாடு அந்தக் கணக்கில் வராது.