‘என் சரித்திரம்’ என்னை மறுபடி மாணவியாக்கியது

தமிழறிஞர் உ.வே.சா.வின் தன்வரலாறான ‘என் சரித்திரம்’ என்றாலே ஏடு தேடி ஊர் ஊராக அலைந்ததைத்தான் பலரும் சொல்வார்கள். என்னைப் பிடித்துக்கொண்டது அதற்கு முந்தைய ஓர் இடம்.

1880 அக்டோபர். கும்பகோணத்துக்கு முன்சீப்பாக (உரிமையியல் நீதிபதியாக) வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்க உ.வே.சா. போகிறார். அப்போது அவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர், கல்லூரித் தமிழாசிரியர், வயது 25. என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டதும் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று அடுக்குகிறார். முதலியார் அசையவில்லை. இதனால் எல்லாம் என்ன பிரயோசனம், சமணக் காப்பியமான சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்கிறார்.

யாருக்கும் சுருக்கென்றிருக்கும். இவரோ புத்தகம் கிடைத்தால் படிப்பேன் என்கிறார். பிறகு பிரதி கைக்கு வந்தும் விளங்கவில்லை. ஊரிலிருந்த சமணர் வீட்டுக்கே போய்ச் சந்தேகம் கேட்கிறார். கல்லூரியில் பாடம் சொன்ன அதே நாட்களில் வெளியே பாடம் கேட்டிருக்கிறார்! 1887இல் அவர் பதிப்பில் சிந்தாமணி அச்சேறியது.

நான் பள்ளித் தமிழாசிரியை. ஐம்பதை நெருங்கும் வயதில் கல்வெட்டுப் பயிற்சியில் சேரத் துணிவு தந்தது இந்தப் பகுதிதான். சொல்லிக்கொடுத்தவர் என்னிடம் படித்த பிள்ளைகளின் வயதுக்காரர். கல்வெட்டு பொறித்த கோயில் அதிட்டானத்தின் (அடித்தளத்தின்) முன் நின்றால் ஒரு வரி ஓடவில்லை. மெய்க்குப் புள்ளி கிடையாது, எகர ஏகாரம் ஒன்றே, நடுநடுவே வடமொழிக்கான கிரந்த எழுத்து. இத்தனை வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தவளுக்குத் தமிழெழுத்தே பிடிபடாதது சாதாரண வலி இல்லை.

அந்தத் தம்பி சொன்னார்: “டீச்சர், எழுத்து எழுத்தா கூட்டாதீங்க. ராஜராஜன் மெய்க்கீர்த்தி உங்களுக்கு மனப்பாடம்தானே? ‘திருமகள் போல’ன்னு சொல்லிக்கிட்டே கல்லைப் பாருங்க.” மெய்க்கீர்த்தி என்பது கல்வெட்டின் தொடக்கத்தில் அரசனின் புகழைச் சொல்லும் பாட்டு.

சொல்லிக்கொண்டே பார்த்தேன். ‘பெருநிலச் செல்வியும்’ தெரிந்தது. ‘காந்தளூர்ச்சாலை கலமறுத்தருளி’ வரை விரல் போனது. தெரிந்த பாட்டைப் பிடித்துக்கொண்டு தெரியாத எழுத்துக்குள் போகலாம் என்பதை அன்று கற்றேன். இன்று என் வகுப்பில் திணறும் பிள்ளைகளுக்கும் இப்படித்தான், அவர்கள் வாயில் ஏற்கெனவே இருக்கும் பாட்டிலிருந்து எழுத்தைக் காட்டுகிறேன்.

இப்போது விடுமுறைகளில் அந்தப் பயிற்சிக் குழுவோடு மைப்படி (கல்வெட்டைத் தாளில் மையால் எடுக்கும் படி) எடுக்கப் போகிறேன். தமிழின் இன்னொரு பழைய எழுத்துமுறையான வட்டெழுத்து இன்னும் வசப்படவில்லை. அதற்குக் குழுவில் ஒரு கல்லூரி மாணவியிடம் பாடம் கேட்கிறேன்.